பந்தய சைக்கிளை உடலுக்குப் பொருத்தும் முறை

1989-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் கடைசிக் கட்டமாக, வெர்சாயிலிருந்து பாரிஸின் சாம்ஸ் எலிசே வரையிலான 24.5 கிலோமீட்டர் தூரத்தை வீரர்கள் ஒவ்வொருவராகத் தனித்தனியே ஓட்டினார்கள். மொத்த நேரக் கணக்கில் முதலிடத்தில் இருந்த பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோன், இரண்டாமிடத்தில் இருந்த அமெரிக்கர் கிரெக் லெமாண்டைவிட 50 வினாடி முன்னால் இருந்தார். ஃபின்யோனின் சைக்கிளில் முன்னும் பின்னும் போக்ஸ் கம்பிகள் இல்லாமல் முழுத் தட்டாக மூடிய சக்கரங்கள் பூட்டப்பட்டிருந்தன. லெமாண்ட் அப்படிப்பட்ட சக்கரத்தைப் பின்னால் மட்டும் வைத்துக்கொண்டார். ஆனால் ஹாண்டில்பாரின் மேல் முன்னோக்கி நீளும் கைத்தாங்கிகளைப் பொருத்தி, இரண்டு முழங்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் ஒடுக்கி, கூம்பிய தலைக்கவசம் முதுகோடு சேரும்படி குனிந்து ஓட்டினார். ஃபின்யோனின் தலையில் கவசம் இல்லை. பின்னால் கட்டிய முடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. லெமாண்ட் மணிக்கு 54.5 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஓட்டி, அந்தக் கட்டத்தில் ஃபின்யோனைவிட 58 வினாடி குறைவாக எடுத்துக்கொண்டு, மூன்று வாரப் பந்தயத்தையும் 8 வினாடி வித்தியாசத்தில் வென்றார்.

புதிதாகப் பந்தய சைக்கிள் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சக்கரத்தைப் பற்றியோ கார்பன் சட்டத்தைப் பற்றியோதான் இருக்கும். நான் அவர்களுக்கு இந்தப் பாரிஸ் கதையைச் சொல்லிவிட்டு, ஒரு அளவுநாடாவையும் நூலையும் எடுத்துக்கொண்டு உட்காரச் சொல்வேன். சைக்கிளின் மீது உடல் எப்படி அமர்ந்திருக்கிறது என்பதைச் சீர்செய்யாமல் உதிரிபாகங்களுக்குச் செலவு செய்வது வீண் என்பது இருபது வருடமாகச் சைக்கிள் ஓட்டிவரும் என்னுடைய உறுதியான கருத்து; அதற்கான காரணமும் எளியது. சமதளத்தில், காற்று வீசாத காலைப்பொழுதில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது கால்கள் கொடுக்கும் ஆற்றலின் பெரும்பகுதி எதிர்க்காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. அந்தக் காற்றுத் தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கை உண்டாக்குவது ஓட்டுபவரின் உடல். சைக்கிளின் பங்கு மீதியுள்ள கால்வாசிதான். காற்றை விலக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறும் என்பதால், 30-இலிருந்து 33-க்குப் போக, அதாவது வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்ட, காற்றுக்காகச் செலவிடும் உழைப்பை மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும்.

எடையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பன்னாட்டுச் சைக்கிள் ஒன்றியம் 2000-ஆம் ஆண்டிலிருந்து பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதித்திருக்கிறது. நம்முடைய சைக்கிள் ஒன்பது கிலோ இருந்தால் அதைக் குறைகாணத் தேவையில்லை. ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ குறைப்பதால் ஒரு மணி நேர மலையேற்றத்தில் மிச்சமாவது முக்கால் நிமிடம். சமதளத்தில் அதன் பயன் தெரியவே தெரியாது.

தேவைப்படும் கருவிகள்

எஃகு அளவுநாடா ஒன்று, மேஸ்திரிகள் வைத்திருக்கும் சிறிய ரசமட்டம் ஒன்று, நுனியில் நட்டு கட்டிய நூல் ஒன்று, நான்கு, ஐந்து மில்லிமீட்டர் அலன் கீகள், ஒரு கருப்பு இன்சுலேஷன் டேப், ஒரு நோட்டுப் புத்தகம். கார்பன் பாகங்கள் உள்ள சைக்கிளாக இருந்தால் குறித்த இறுக்கத்துக்கு வந்ததும் சொடுக்கிடும் டார்க் ரெஞ்ச் ஒன்றும் கட்டாயம் வேண்டும்; சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்டைப் பிடிக்கும் வளையத்தை 5 நியூட்டன்-மீட்டர் அளவுக்குத்தான் முடுக்கலாம் என்று அந்த இடத்திலேயே அச்சிட்டிருப்பார்கள், கைவாக்கில் முடுக்கினால் அதைத் தாண்டுவது மிக எளிது, தாண்டினால் கார்பன் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் விரிசல் விடும். சைக்கிளை நிமிர்த்தி நிறுத்த ஸ்டாண்டு இல்லாதவர்கள் வாசல் நிலைக்காலின் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம். ஏறி அமர்ந்து சுவரைப் பிடித்தபடி பின்னோக்கி மிதித்துப் பார்க்க அது போதும்.

சீட்டின் உயரம்

எல்லா அளவுகளும் இதிலிருந்தே தொடங்குவதால் இதற்கு ஒரு மாலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். சைக்கிள் ஓட்டும்போது போடும் கால்சட்டையை அணிந்து, செருப்பில்லாமல், பாதங்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றை மூலைமட்டம்போல அதன் ஒரு விளிம்பு சுவரில் முழுதாகப் படியும்படி கால்களுக்கிடையே வைத்து, சீட்டின் மீது அமர்ந்தால் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு அழுத்தத்தோடு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். மென்மையாக வைத்தால் ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் வீட்டில் வேறொருவரைப் பென்சிலால் கோடு போடச் சொல்லி, தரையிலிருந்து கோடு வரை அளந்துகொள்ளுங்கள். மூன்று முறை அளந்து, மூன்றும் அரை சென்டிமீட்டருக்குள் ஒத்துவந்தால் சராசரியை எழுதுங்கள்.

அந்த அளவை 0.883-ஆல் பெருக்கினால் வருவது, பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை சீட் போஸ்டின் சரிவை ஒட்டி இருக்க வேண்டிய தூரம். கால் அளவு 80 சென்டிமீட்டர் என்றால் சீட்டு 70.6 சென்டிமீட்டரில் இருக்கும். இந்த 0.883 என்ற எண்ணை உலகறியச் செய்தவர் லெமாண்ட்; அவருக்கு அதைக் கொடுத்தவர் அவருடைய முதல் தொழில்முறை அணியின் இயக்குநரான சிரில் கிமார். 1989-இல் அதே கிமார்தான் ஃபின்யோனின் அணியை நடத்திக்கொண்டிருந்தார் என்பது அந்த 8 வினாடிக் கதைக்குள் இருக்கும் இன்னொரு கதை.

ஆனால் இந்த எண்ணை முடிவாகக் கொள்ளாமல் தொடக்கமாகக் கொள்ளுங்கள். பாதத்தைத் தோல்வாரால் பெடலோடு கட்டிய காலத்தில் பிறந்த கணக்கு இது. ஷூவின் அடிப்பாகமும் பெடலும் இன்று மெலிந்துவிட்டன, கிராங்கின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆகவே கணக்குப்படி சீட்டை வைத்தபின், ஏறி அமர்ந்து, குதிகாலைப் பெடலின் மேல் வைத்து மெல்லப் பின்னோக்கி மிதியுங்கள். பெடல் மிகத் தாழ்ந்த இடத்துக்கு வரும்போது முழங்கால் நிமிர்ந்து நேராக வேண்டும். இடுப்பு ஒரு பக்கமாகச் சரியவும் கூடாது, முழங்கால் மடிந்தே இருக்கவும் கூடாது. பிறகு வழக்கம்போல முன்பாதத்தை வைத்து, அதே தாழ்ந்த இடத்தில் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து ஒரு புகைப்படம் எடுக்கச் சொல்லுங்கள். தொடையின் கோட்டை நேராக நீட்டினால் கெண்டைக்கால் அதிலிருந்து 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருப்பது பாதுகாப்பான எல்லை; 35-ஐத் தாண்டினால் சீட்டு தாழ்வு, 25-க்குக் குறைந்தால் உயரம்.

உடலே இன்னும் தெளிவாகச் சொல்லும். முழங்கால் சில்லுக்கு முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்வாகவோ மிக முன்னாலோ இருக்கிறது. முழங்காலுக்குப் பின்பக்கக் குழியில் வலித்தால் உயரமாக இருக்கிறது. பின்னால் வருபவருக்கு உங்கள் இடுப்பு இடமும் வலமும் ஆடுவது தெரிந்தாலும் உயரம்தான். என் முதல் பந்தய சைக்கிளைக் கடையில் கண்மட்டத்துக்கு வைத்துக் கொடுத்த உயரத்திலேயே ஆறு மாதம் ஓட்டினேன். மாடிப்படி இறங்கும்போதெல்லாம் இடது முழங்கால் சில்லின் கீழே ஊசி குத்துவதுபோல் வலி இருந்தது. அளந்து பார்த்தபோது சீட்டு 22 மில்லிமீட்டர் தாழ்வாக இருந்தது. அதை ஒரேயடியாக ஏற்றாமல், வாரத்துக்கு 5 மில்லிமீட்டராக ஒரு மாதத்தில் ஏற்றியபோது, மூன்றாம் வாரமே வலி குறையத் தொடங்கியது. நீங்களும் அப்படியே படிப்படியாக மாற்றுங்கள். பழகிய தசைகளுக்கும் தசைநாண்களுக்கும் புதிய நீளத்துக்கு ஒத்துப்போக நாள் பிடிக்கும்.

முழங்காலைப் பொறுத்தவரை பெரிய வீரர்களுக்கும் விலக்கில்லை. டூர் பந்தயத்தை ஐந்து முறை வென்ற பெர்னார் இனோ, 1980-இல் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டை தன் தோளில் இருக்கும்போதே முழங்கால் தசைநாண் அழற்சியால் போ நகரத்தில் பந்தயத்தை விட்டு விலகினார். 1983-இலும் முழங்கால் அவரைப் பந்தயத்தில் கலந்துகொள்ள விடவில்லை. பெல்ஜிய வீரர் எட்டி மெர்க்ஸின் கதை இன்னும் உருக்கமானது. 1969 செப்டம்பரில் பிரான்சின் புளுவா நகரச் சைக்கிள் ஓடுதளத்தில், மோட்டார் வண்டியின் பின்னால் ஓட்டும் பந்தயம் ஒன்றில் அவர் கீழே விழுந்தார். அவருக்கு முன்னால் வண்டி ஓட்டிச் சென்ற ஃபெர்னான் வாம்ப்ஸ்ட் அந்த விபத்தில் இறந்தார். உயிர் பிழைத்த மெர்க்ஸுக்கு இடுப்பெலும்பு பிசகி, அதன்பின் மலையேற்றங்களில் வலி விடவேயில்லை. பந்தயத்தின் நடுவிலேயே அலன் கீயை எடுத்துச் சீட்டை ஏற்றியும் இறக்கியும் பார்ப்பது அவருடைய வழக்கமாகிவிட்டது. அப்படி ஓட்டிய காலத்தில்தான் டூர் பந்தயத்தை இன்னும் நான்கு முறை வென்றார்; 1972 அக்டோபரில் மெக்சிகோ நகரில், ஆறு கிலோவுக்கும் குறைவான சைக்கிளில், ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனையும் படைத்தார். வலியோடு அளவைத் தேடிய அந்த மனிதரை நினைத்தால், நாம் ஒரு மாலை உட்கார்ந்து 5 மில்லிமீட்டருக்காக மெனக்கெடுவது எனக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை.

கிராங்கைப் பற்றி ஒரு குறிப்பு. கடைகளில் கிடைக்கும் சைக்கிள்களில் 170 அல்லது 172.5 மில்லிமீட்டர் கிராங்க் இருக்கும். 176 சென்டிமீட்டர் உயரமுள்ள ஸ்லோவேனிய வீரர் ததேய் போகாச்சர், இத்தாலியப் பந்தயம், டூர், உலகப் பட்டம் ஆகிய மூன்றையும் ஒருசேர வென்ற 2024-இல் 165 மில்லிமீட்டர் கிராங்கைத்தான் பயன்படுத்தினார். கிராங்க் குட்டையாக இருந்தால் கால் மேலே வரும்போது தொடை வயிற்றை இடிக்காது, குனிந்து ஓட்டுவதும் எளிதாகும். உயரம் குறைந்தவர்கள் சைக்கிள் வாங்கும்போதே இதைக் கேட்டுப் பெறுவது நல்லது. பின்னர் மாற்றினால், கிராங்க் எத்தனை மில்லிமீட்டர் குறைந்ததோ அத்தனை மில்லிமீட்டர் சீட்டை ஏற்ற மறக்க வேண்டாம்.

சீட்டின் முன்பின் நிலையும் மட்டமும்

இரண்டு கிராங்குகளும் தரைக்கு இணையாக இருக்கும்படி நிறுத்தி, முன்னால் இருக்கும் காலின் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ள எலும்பு மேட்டில் நூலின் முனையை வைத்து, நட்டு ஆடாமல் நிற்கும்வரை தொங்கவிடுங்கள். நூல் பெடலின் அச்சை ஒட்டியோ அதற்கு ஒரு சென்டிமீட்டர் பின்னாலோ விழ வேண்டும். இது இயற்பியல் விதி எதிலிருந்தும் வந்ததன்று, அனுபவத்தில் பலருக்கும் ஒத்துவந்த வழக்கம். நூல் மிக முன்னால் விழுந்தால் சீட்டை அதன் அடியில் உள்ள கம்பித் தண்டவாளத்தில் பின்னுக்குத் தள்ளுங்கள். தள்ளியபின் உயரத்தை மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் பின்னுக்குப் போன சீட்டு பெடலிலிருந்தும் தள்ளிப் போயிருக்கும்.

ரசமட்டத்தைச் சீட்டின் மேல் நீளவாக்கில் வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்படி செய்யுங்கள். நுனி மேல்நோக்கி இருந்தால் மென்மையான உறுப்புகள் மரத்துப்போகும். கீழ்நோக்கி அதிகம் சாய்ந்தால் உடல் முன்னால் வழுக்கி, அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலை உள்ளங்கைகளின் மேல் விழும். ஒன்றிரண்டு பாகை கீழ்ச்சாய்வு வரை பொறுக்கலாம்.

மரத்துப்போவது, தோல் உரிவது, கொப்புளம் கட்டுவது ஆகியவற்றை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பலரும் பொறுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். பாரிஸில் தோற்ற அந்த நாளில் ஃபின்யோனுக்குச் சீட்டு உரசிய இடத்தில் கட்டி கட்டியிருந்தது, முந்திய இரவு அவரால் சரியாகத் தூங்கவும் முடியவில்லை. நம்முடைய தீர்வு மெத்தையைக் கனமாக்குவதன்று. உட்காரும்போது உடலின் பாரம் இரண்டு எலும்பு முனைகளின் மேல் நிற்க வேண்டும், அதற்குச் சீட்டின் அகலம் சரியாக இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியின் நெளி அட்டைத் துண்டு ஒன்றைப் படிக்கட்டின் மேல் போட்டு, அதன்மேல் முழங்கால்களை உயர்த்தி, முன்னோக்கிக் குனிந்து ஒரு நிமிடம் அமர்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் பதிந்திருக்கும். குழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையேயான தூரத்தோடு இரண்டு அல்லது இரண்டரை சென்டிமீட்டர் சேர்த்தால் உங்களுக்குரிய சீட்டின் அகலம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். சைக்கிள் கால்சட்டைக்குள் வேறு உள்ளாடை போடாமல், ஒவ்வொரு முறை ஓட்டியபின்னும் அதைத் துவைத்துவிடுங்கள்.

ஹாண்டில்பார்

காற்றின் கணக்கைப் படித்தவுடன் ஹாண்டில்பாரைத் தரைவரை இறக்க ஆசை வரும். அந்த ஆசையின் எல்லை வரை சென்று பார்த்தவர் ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரி. சலவை இயந்திரத்தின் பேரிங்கை உள்ளே வைத்துத் தானே கட்டிய சைக்கிளில், கைகளை நெஞ்சுக்கு அடியில் பனிச்சறுக்கு வீரரைப்போல மடித்துக்கொண்டு, 1993 ஜூலை 17 அன்று நார்வேயின் ஹாமார் ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டினார். ஆறே நாளில் பிரான்சின் போர்தோவில் கிறிஸ் போர்ட்மேன் 52.270 கிலோமீட்டர் ஓட்டி அதை முறியடித்தார். அடுத்த ஆண்டு ஓப்ரி சாதனையைத் திரும்பப் பெற்றார். அதன்பின் அவருடைய அமர்வு முறையைப் பன்னாட்டு ஒன்றியம் தடை செய்தது. பெரிய தொழிற்சாலை எதுவும் பின்னால் இல்லாத ஒரு மனிதர், கைகளை எங்கே வைப்பது என்ற ஒரே கேள்வியை விடாமல் யோசித்து உலகச் சாதனை படைத்தார் என்பது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஓப்ரி தன் உடலால் ஒரு மணி நேரம் தாங்க முடிந்த நிலையைத்தான் தேர்ந்தெடுத்தார் என்பதைக் கவனியுங்கள். நாம் மூன்று மணி நேரம் சாலையில் ஓட்டப் போகிறோம், கழுத்தை நிமிர்த்தி லாரியையும் பள்ளத்தையும் பார்த்தபடி ஓட்ட வேண்டும். பிரேக் கைப்பிடிகளின் மேல் கைவைத்து அமரும்போது முழங்கைகள் இலேசாக மடிந்திருக்க வேண்டும். தோள்கள் காதுகளை நோக்கி ஏறக் கூடாது. மூச்சை அடிவயிறு வரை இழுக்க முடிய வேண்டும். சோதிக்க எளிய வழி உண்டு. நிதானமாக மிதித்துக்கொண்டிருக்கும்போது, ஆள்நடமாட்டமில்லாத சாலையில், இரண்டு கைகளின் பிடியையும் தளர்த்தி ஹாண்டில்பாரை விரல்நுனியால் மட்டும் தொட்டுப் பாருங்கள். உடல் அப்படியே நிற்குமானால் பாரம் சரியாகப் பிரிந்திருக்கிறது. முன்னால் சரிந்து விழப் பார்த்தால் ஹாண்டில்பார் தொலைவாகவோ தாழ்வாகவோ இருக்கிறது, அல்லது சீட்டு மிக முன்னால் இருக்கிறது.

தொலைவை மாற்ற, ஹாண்டில்பாரைச் சைக்கிளின் கழுத்தோடு இணைக்கும் ஸ்டெம்மை மாற்ற வேண்டும். பத்து மில்லிமீட்டர் குட்டையான ஸ்டெம்மே பெரிய மாற்றமாகத் தெரியும். உயரத்தை மாற்ற ஸ்டெம்மின் கீழே உள்ள வளையங்களை மேலே கொண்டுபோகவோ கீழே கொண்டுவரவோ வேண்டும். இதில் வரிசை முக்கியம். முதலில் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, பிறகு உச்சியில் உள்ள மூடியின் போல்ட்டைக் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது உச்சி போல்ட்டை முதலில், விரல் பலத்துக்குச் சற்று மேலான இறுக்கத்தில் முடுக்கி, முன்பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். கழுத்துப் பகுதியில் டக்கென்ற ஆட்டம் கையில் தெரிந்தால் இன்னும் கால் சுற்று, ஹாண்டில்பார் தானாகத் திரும்ப மறுத்தால் கால் சுற்று குறைவு. ஆட்டமும் இல்லை, இறுக்கமும் இல்லை என்றானபின் சக்கரத்தோடு ஹாண்டில்பாரை நேர்பார்த்துப் பக்கவாட்டு போல்ட்டுகளை மாறி மாறி டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். பக்கவாட்டை முதலில் முடுக்கிவிட்டு உச்சியை எவ்வளவு திருகினாலும் ஆட்டம் போகாது. பேரிங் தேய்ந்துவிட்டது என்று தவறாக நினைத்துப் புதிது வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உடல் பழகியபின் வளையங்களை 5 மில்லிமீட்டராகக் குறைத்துக்கொண்டே வரலாம். அதுவரை எதிர்க்காற்றில், பிரேக் கைப்பிடிகளின் மேல் கைவைத்தபடியே முழங்கைகளை மடக்கி முன்கைகளைத் தரைக்கு இணையாகக் கொண்டுவாருங்கள். கைகளை நீட்டியபடி வளைந்த கீழ்ப்பிடியைப் பிடிப்பதைவிட அது காற்றை நன்றாகக் கிழிக்கும். பூட்டிக்கொள்ளும் ஷூ பயன்படுத்துபவர்கள், கட்டைவிரலின் அடியில் உள்ள திரட்சி பெடல் அச்சுக்கு நேராகவோ சில மில்லிமீட்டர் முன்னாலோ அமையும்படி, ஷூவின் அடியில் பெடலோடு பூட்டும் தகடான கிளீட்டைப் பொருத்திக்கொள்ளுங்கள். பாதத்தைத் திருப்ப இடமே கொடுக்காதவற்றைத் தொடக்கத்தில் தவிர்ப்பது முழங்காலுக்கு நல்லது. ஷிமானோவில் மஞ்சள் கிளீட் 6 பாகை அசைவு கொடுக்கும், சிவப்பு அசையவே அசையாது.

டயரும் காற்றும்

பதினைந்து வருடங்களுக்கு முன்பு 23 மில்லிமீட்டர் டயரில் 120 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம் வைத்து, கல்போல இருந்தால்தான் வேகம் என்று எல்லோரும் நம்பினோம். வழுவழுப்பான இரும்பு உருளையில் சோதித்தால் அது உண்மை, சாலையில் உண்மையன்று. கடினமான டயர் ஒவ்வொரு சிறு மேட்டிலும் ஆளையும் வண்டியையும் தூக்கிப் போடுகிறது, அப்படித் தூக்குவதற்கான ஆற்றல் முன்னே செல்ல வேண்டிய ஆற்றலிலிருந்துதான் கழிகிறது. இன்று பெரிய பந்தயங்களிலேயே 28 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் சாதாரணமாகிவிட்டது.

70 கிலோ எடையுள்ளவர் 28 மில்லிமீட்டர் டயரில் டியூப் போட்டு ஓட்டினால் பின்னால் 75, முன்னால் 70 பி.எஸ்.ஐ. என்று தொடங்கி, சாலை மோசமாக இருந்தால் ஐந்தைந்தாகக் குறைத்துப் பார்க்கலாம். குறைத்துக்கொண்டே போகும்போது பள்ளத்தில் ரிம் தரையைத் தட்டும் ஒலி கேட்டால் அளவு தாண்டிவிட்டது என்று பொருள். டியூபில் பாம்புக்கடிபோல இரண்டு துளை விழுந்து பஞ்சராகும். ரிம்மின் விளிம்பில் உள்மடிப்புக் கொக்கி இல்லாத புதுவகைச் சக்கரமாக இருந்தால் 5 பார், அதாவது ஏறக்குறைய 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் எக்காரணம் கொண்டும் அடிக்கக் கூடாது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தெருமுனை சைக்கிள் கடையில் கட்டைவிரலால் அழுத்திக் காற்றின் அளவைச் சொல்வார்கள்; சாதாரண சைக்கிளுக்கு அந்தக் கை சரியாகவே சொல்லும். பந்தய டயரில் 70-க்கும் 100-க்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டைவிரலால் உணர முடியாது என்பதால் அளவுமானி உள்ள நின்றடிக்கும் பம்ப் ஒன்று வாங்குங்கள். மெல்லிய டியூபில் காற்று தானாகவே கசியும். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் பார்க்க வேண்டும்.

கியரும் செயினும்

முன்னால் 50, 34 பற்கள், பின்னால் 11 முதல் 32 வரை என்ற அமைப்பு பெரும்பாலோருக்குப் போதும். 34-க்கு 32 கியரில் நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு ஒன்பதரை கிலோமீட்டரில் மலை ஏறலாம். 50-க்கு 11 கியரில் 90 சுற்று மிதித்தால் 52 கிலோமீட்டர் வேகம் வரும். சமதளத்தில் நிமிடத்துக்கு 80 முதல் 95 சுற்று வரை மிதிக்கப் பழகுங்கள். கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பது, சீட்டை எவ்வளவு சரியாக வைத்திருந்தாலும், முழங்காலைத் தேய்க்கும்.

செயினுக்கு எண்ணெய் விடுவதைவிடத் துடைப்பது முக்கியம். ஒவ்வொரு இணைப்பின் உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து, வெளியே இருக்கும் எண்ணெய் முழுதையும் துணியால் துடைத்தெடுங்கள். வெளியே தங்கும் எண்ணெய் மணலை ஈர்த்து, அந்த மணலும் எண்ணெயும் சேர்ந்த சேறுதான் பல்லையும் செயினையும் அரைக்கிறது. தேய்மானத்தை அறிய எஃகு அளவுகோலின் தொடக்கத்தை ஓர் இணைப்பு ஆணியின் நடுவில் வைத்து, அதற்கு அடுத்த ஆணியிலிருந்து 24 ஆணிகள் எண்ணுங்கள். புதுச் செயினில் 24-ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 12 அங்குலத்தைப் பதினாறில் ஓர் அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பின்சக்கரப் பற்கூட்டத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும், அதன் விலை செயினைப்போல இரண்டு மூன்று மடங்கு. வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்துப் பூட்டும் வேலையை நம் கடைகளில் 'ஓவராயில்' என்பார்கள். ஆயிலுக்கும் அந்தச் சொல்லுக்கும் உறவில்லை, ஆங்கிலேயர் சொன்ன ஓவர்ஹால் நம் வாயில் அப்படித் திரிந்தது; ஆனாலும் அந்த வேலையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

மாற்றியபின் சோதித்தல்

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். சீட்டையும் ஸ்டெம்மையும் ஒரே நாளில் மாற்றினால் எது நன்மை செய்தது, எது கெடுதல் செய்தது என்று பிரித்தறிய வழியில்லை. பழக்கமான ஒரே சாலையை, இருபது கிலோமீட்டர் போல, தேர்ந்துகொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று முறையாவது ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் எந்த மாற்றமும் அந்நியமாகத்தான் தோன்றும். மூன்றாம் நாள் சொல்வதை நம்பலாம். கடலோரச் சாலையில் ஓட்டுபவர்கள் காலை ஏழரைக்குள் முடித்துக்கொள்வது நல்லது, கடற்காற்று எழுந்தபின் ஒருநாள் வேகத்தை மறுநாள் வேகத்தோடு ஒப்பிட முடியாது.

நோட்டில் தேதி, கிராங்க் அச்சிலிருந்து சீட்டின் உயரம், சீட்டு நுனியிலிருந்து ஹாண்டில்பாரின் நடு வரையிலான தூரம், ஸ்டெம்மின் நீளம், அதன் கீழே எத்தனை வளையங்கள், முன்பின் டயர் அழுத்தம், ஓட்டி முடித்தபோது எங்கே வலி, எந்த விரல் மரத்தது என்று எழுதி வையுங்கள். புது ஷூ, புதுப் பெடல், புதுச் சீட்டு ஆகியவற்றில் எதை வாங்கினாலும் உயரத்தைப் புதிதாக அளக்க வேண்டும். ஒவ்வொன்றின் தடிமனும் வேறு. அளவு நிலைத்துவிட்டது என்று தோன்றியதும், சீட் போஸ்ட் சட்டத்துக்குள் நுழையும் இடத்துக்குச் சரியாக மேலே, கருப்பு டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். பயணத்துக்காகவோ ஓவராயிலுக்காகவோ போஸ்டை உருவி எடுத்தால், திரும்பப் பூட்டும்போது உலோகப் போஸ்டுக்குக் கிரீஸும் கார்பன் போஸ்டுக்கு அதற்கென உள்ள பசையும் தடவி, டேப்பின் அடிவிளிம்பு சட்டத்தைத் தொடும் வரை இறக்கி, சீட்டின் நுனியைச் சட்டத்தின் மேல்குழாயோடு நேர்பார்த்து, டார்க் ரெஞ்ச் ஒருமுறை சொடுக்கும் வரை முடுக்கினால் போதும்.